வந்துட்டியா, போலாம்

காட்டுப்பாதையின் மூன்றாவது பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது கோகிலவாணியின் கைக்கடிகாரத்தில் மணி எட்டு ஐம்பது. சைக்கிளைச் சீகை மரத்தில் சாய்த்தாள், கையுறையைக் கழற்றாமலே பாறைமேல் படிந்திருந்த உறைபனியைச் சுரண்டித் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே குளிர் பேண்டைத் தாண்டித் தொடைக்கு ஏறிவிட்டது. பரவாயில்லை, உட்கார்ந்திருக்கிறோமே, அதுவே பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டாள். இருபத்தொரு வருஷத்தில் புருஷனுக்கு முன்னால் ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்து, அவனுக்காகக் காத்திருக்கிற சுகம் இன்றைக்குத்தான் வாய்த்திருக்கிறது. அதுவும் ஒரே காலையில் மூன்று தடவை. கீழே புல்வெளி முழுக்க வெள்ளையாக இருந்தது. எதிர் மலையின் தலையில் வெயில் விழுந்து, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பாறைக்கு வந்து சேர இன்னும் முக்கால் மணி ஆகும். அதற்குள் பூபதி வந்துவிடுவான். முதல் பிரிவில் அவளுக்குப் பின்னால் ஐந்து நிமிஷத்தில் வந்தான், இரண்டாவதில் பதினொரு நிமிஷம். மூன்றாவதில் இருபது என்று வைத்துக்கொண்டாலும் ஒன்பது பத்துக்கு அந்த வளைவில் அவனுடைய மஞ்சள் ஹெல்மெட் தெரிய வேண்டும். ஃபிளாஸ்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றினாள். பாதிக்கு மேல் ஊற்றக்கூடாது, மிச்சம் அவனுக்கு. இப்படி மிச்சம் வைக்கிற புத்தி மட்டும் எந்தக் குளிரிலும் உறையாது போலிருக்கிறது.

அவர்கள் சைக்கிள் குழுவுக்கு என்று எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது, ஒன்றே ஒன்றைத் தவிர. காட்டுப்பாதையில் வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில் முன்னால் போகிறவர் நிற்க வேண்டும், பின்னால் வருகிறவர் வந்து சேர்ந்த பிறகுதான் கிளம்ப வேண்டும். சிக்னல் இல்லாத மலையில் ஆள் தவறிப்போகாமல் இருக்க அதைவிட வேறு வழி இல்லை. நல்ல சட்டம்தான். ஆனால் அதைப் போட்டவர்கள் எல்லாருமே முன்னால் போகிறவர்கள். வந்து சேர்ந்தவர் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்று அவர்களில் யாருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. முன்னால் போனவன் பத்து நிமிஷம் காலை நீட்டி, தண்ணீர் குடித்து, போட்டோ எடுத்து, ஆற அமர இருப்பான். பின்னால் வருகிறவள் நாக்குத் தள்ள வந்து நின்றதும் அவன் எழுந்து பேண்டைத் தட்டிவிட்டுச் சொல்வான்: வந்துட்டியா, போலாம். ஆக, யாருக்கு மூச்சு வேண்டுமோ அவளுக்கு ஒரு நிமிஷம் கிடையாது, வேண்டாதவனுக்குப் பத்து நிமிஷம். இந்தக் கணக்கு அவளுக்குப் புரியவே பல வருஷம் ஆனது. அதுவரை, தான் சோம்பேறி, தன் உடம்பு வாகு அப்படி, தனக்கு வாய்த்தது அவ்வளவுதான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். சைக்கிளுக்கு முன்னால் மருதமலைப் படி. அதற்கு முன்னால் பெரிய கடைவீதி. எங்கே போனாலும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தவள் அவள். அவன் சட்டைக் காலரில் அழுக்கு எந்த இடத்தில் ஏறும் என்பதுகூட மனப்பாடம். முகம்தான் சட்டென்று ஞாபகத்துக்கு வருவதில்லை.

இன்று காலையில் முதல் பிரிவில் அவள் ஒன்றும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அதைத் தனக்குத்தானே அழுத்திச் சொல்லிக்கொண்டாள். குழுவில் ஆறு பேர் வருவதாக இருந்தது. ஊட்டிப் பக்கம் ஜீரோ டிகிரி என்று கேட்டதும் நாலு பேர் கழன்றுகொண்டார்கள். அனுமதி வாங்கியாயிற்று, பணம் கட்டியாயிற்று, வீணாக்கக் கூடாது என்று பூபதி ஒற்றைக்காலில் நின்றான். வனத்துறை அனுப்பிய வாட்ச்சர் மாதன் கடைசி ஆளோடு நடந்து வருவார், அது அவர்கள் விதி. கடைசி ஆள் தன் மனைவிதான் என்று பூபதி சோதனைச்சாவடியிலேயே அவரிடம் சொல்லிச் சிரித்தான். மெதுவாத்தான் வருவா, நீங்க தூங்கிட்டே நடக்கலாம் என்றான். இரண்டு வருஷமாக விடியற்காலையில் சிறுவாணி ரோட்டில் அவள் தனியாக மிதித்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியும். ஆனால் அது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது தெரியாது. முதல் ஏற்றத்திலேயே அவனைத் தாண்டிவிட்டாள். கல்லும் வேருமாக இருந்த இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள், மறுபடி ஏறினாள், பிரிவு வந்ததும் நின்றாள். அவன் வந்தான். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, மீசையில் பனி. ஒரு காலைத் தரையில் ஊன்றப் போனான். அப்போதுதான் அவள் வாயிலிருந்து தானாக வந்தது, வந்துட்டீங்களா, போலாம். ஊன்றப் போன கால் அப்படியே நின்றது. அவளைப் பார்த்தான். லேசாகச் சிரித்தான்கூட. காலை மறுபடி பெடலில் வைத்துக்கொண்டான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவள் நாக்கில் ஒரு ருசி தட்டியது, பொய் சொல்லக் கூடாது, நல்ல ருசி.

ஒன்பது அடித்து நாலு நிமிஷம். விரல் நுனிகள் மரத்துப் போயின. கையுறைக்குள் கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொண்டாள். கீழே சோலைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒற்றைச் சத்தம், தொண்டையைக் கிழித்துக்கொண்டு. கேளையாடு, சோலைக்குள் திரிகிற சின்ன மான். காலையில் மாதன் சொல்லியிருந்தார், அது குரைத்தால் ஆள் கத்துவது மாதிரியே இருக்கும், புதுசாக வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்று. நல்லவேளை சொன்னார், இல்லாவிட்டால் இப்போது எழுந்து ஓடியிருப்பாள். கேளையாடு ஒரு தடவை கத்தினால் நிறுத்தாது, தொடர்ந்து கத்தும் என்றும் அவர் சொன்ன மாதிரி ஒரு ஞாபகம். சொன்னாரா? அதை இப்போது எதற்கு நினைக்க வேண்டும். மாதன் அவன்கூடத்தான் வருகிறார். ஐம்பது வயதிலும் கல்லுக் கல்லாகத் தாவுகிற மனுஷர். அவன் தனியாக இல்லை. அவள் பின்னால் வந்த நாளெல்லாம் அவள்கூட யார் வந்தார்கள். இன்னொரு சத்தம் கேட்டது, முதல் சத்தத்தைவிடத் தாழ்வாக, இழுத்தாற்போல. அதன் கடைசியில், அவன் வாணீ என்று இழுக்கிற மாதிரி, ஒரு ணீ இருந்ததா என்று காது தேடிப் பார்த்தது. இல்லை. அத்தனை வளைவும் மரமும் தாண்டி வருகிற சத்தத்தில் எழுத்தெல்லாம் எங்கே தெரியப் போகிறது. பார், இரண்டாவது தடவையும் கத்திவிட்டது. அப்படியானால் கேளையாடுதான். மூடியிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது, அதை ஒரே மடக்கில் குடித்தாள்.

கார் டேஷ்போர்டில் அந்தக் காகிதத்தை அவள் பார்க்காமலிருந்தால் இன்றைக்கு மனசு இவ்வளவு அல்லாடாது. டிசம்பர் முதல் வாரம். பெட்ரோல் பங்கில் சில்லறை தேடும்போது கையில் சிக்கியது, நாலாக மடித்தது. டிரெட்மில்லில் பூபதியை ஓடவிட்டு எடுத்த ஈசிஜி. கீழே டாக்டர் கையெழுத்தில் இரண்டு வரி, குழாய் விட்டு இதயத்து ரத்தக்குழாயைப் பார்க்க வேண்டும், தள்ளிப்போட வேண்டாம், துணைக்கு ஆள் அழைத்து வரவும். துணைக்கு ஆள் அழைத்து வரவும் என்பதை மட்டும் மூன்று தடவை படித்தாள். மடித்த மடிப்பிலேயே திருப்பி வைத்தாள். சொல்லட்டும், அவனாகச் சொல்லட்டும் என்று இருந்தாள். ஒரு வாரம் போனது. பொங்கல் போனது. சாப்பிடும்போது இடது தோளைத் தேய்த்துக்கொள்வான், கேட்டால் படுத்த வாகு சரியில்லை என்பான். இந்தச் சவாரிக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றபோது, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு வாய் இருந்தது. சொல்லவில்லை. இன்று அதிகாலை காரில் ஷூ மாட்டும்போதும் தோளைத் தேய்த்தான். கண்ணாடியில் பார்த்தாள், பார்த்துவிட்டு ஃபிளாஸ்கின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாள். சென்னையில் படிக்கிற மகள் தாரணி நேற்றுப் போனில், அப்பாவ ரொம்ப ஓட்ட விடாதீங்கம்மா, வயசாச்சு என்று விளையாட்டுக்குச் சொன்னாள். அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவள் ஒருத்திதான், அவள் இங்கே பாறைமேல் உட்கார்ந்திருக்கிறாள். அவன் ஏன் மறைத்தான்? பயம்தான், வேறென்ன. பின்னால் வருகிறவனாக ஆகிவிடுவோமே என்ற பயம். அவளுக்கு அது நன்றாகவே புரிந்தது. புரிந்தால் இரக்கம் வரும் என்கிறார்கள், அவளுக்கு வரவில்லை.

வராததற்குக் காரணம் இருக்கிறது. மனசு எத்தனை சுற்றுச் சுற்றினாலும் மடத்துக்குளத்தில் போய்த்தான் முட்டிக்கொள்ளும். கல்யாணமான மறு தை. கோயம்புத்தூரிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை. அவளுக்கு நாள் தள்ளி ஐம்பது நாள் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, மலைமேல் போய்ச் சாமி முன்னால் வைத்து அவனிடம் சொல்ல வேண்டும் என்று ஓர் ஆசை, இருபத்திரண்டு வயதின் ஆசை. தண்ணீர்ப் பந்தலுக்குப் பந்தல் அவன் முன்னால் போய் உட்கார்ந்திருப்பான். பானகம் குடித்து, காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, கூட்டத்தோடு சிரித்துக்கொண்டு. அவள் போய் நின்றதும் எழுவான். இரண்டு நிமிஷம் என்றால், உக்காந்தா காலு புடிச்சுக்கும், நடந்துட்டே இரு என்பான். அதையும் அன்பு என்றுதான் எடுத்துக்கொண்டாள், போங்கள். உடுமலை தாண்டியதும் இடுப்பில் வலி பிடித்தது. மடத்துக்குளத்துக்கு அருகே ஒரு பந்தலின் பின்னால், தட்டி மறைவில், முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, எல்லாம் முடிந்துபோனது. அரைமணி கழித்து அவன் திரும்பி வந்தான். சேலையைப் பார்த்தான். நாளு பாத்து வரத் தெரியாதா உனக்கு என்றான். இனி மலையேற முடியாது, பஸ் பிடித்து வீட்டுக்குப் போ என்று நூறு ரூபாயைக் கையில் திணித்துவிட்டு, கூட்டம் போய்விடும் என்று ஓடினான். மாதத் தீட்டு என்று நினைத்துக்கொண்டான். அவள் திருத்தவில்லை. ஒரு வாரம் கழித்து அம்மா கூட்டிப்போன டாக்டரம்மா, நடந்ததால் இல்லை, சிலதுக்கு இப்படி ஆகும் என்றுதான் சொன்னார். இருக்கலாம். ஆனால் அவன் இன்றுவரை குழுவில் புதுசாக யார் சேர்ந்தாலும் அந்தக் கதையைச் சொல்லுவான். வாணி பழனிக்கு நடந்தா, மடத்துக்குளத்துல பஸ் ஏறிட்டா. எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், ஒவ்வொரு தடவையும்.

ஒன்பது இருபது. வெயில் எதிர்ச் சரிவில் பாதிக்கு இறங்கியிருந்தது. சரி, அவன் தெரிந்து செய்யவில்லை. தெரிந்தவள் அவள்தான், அன்றைக்கும் தெரிந்தவள், இன்றைக்கும் தெரிந்தவள். தெரியாமல் கொன்றவனுக்கும் தெரிந்து நிற்க விடாதவளுக்கும் நடுவே எது பெரிய பாவம் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது. ஏன் கொன்றவன் என்ற வார்த்தை வருகிறது, யாரும் யாரையும் கொல்லவில்லை. இரண்டாவது பிரிவை நினைக்க வேண்டாம் என்று பார்த்தாள். அது தானாகவே வந்து நின்றது. அங்கே அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். உதடு சாம்பல் நிறம். அந்தக் குளிரில் நெற்றியில் வேர்வை. ஹேண்டிலில் குனிந்து நின்றுகொண்டு, "வாணி, ரெண்டு நிமிசம்" என்றான். இருபத்தொரு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அதுதான் முதல் தடவை. அவள் எழுந்துவிட்டிருந்தாள், பை தோளில் ஏறியிருந்தது. "உக்காந்தா காலு புடிச்சுக்கும்ங்க, வந்துட்டே இருங்க" என்றாள், அவன் குரலிலேயே, அவன் இழுக்கிற இழுப்பிலேயே. மாதன் அவளைப் பார்த்தார். காட்டில் எத்தனையோ பார்த்த கண். சைக்கிளை ஏற்றத்தில் விட்டு மிதித்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, இருந்தது, அதை இல்லை என்று எந்தச் சாமி முன்னாலும் சொல்ல முடியாது. முதுகுக்குப் பின்னால் அவன் பார்வை குத்துவதைக்கூட ரசித்தாள். பார்த்துக்கொள், இது என் முதுகு, இதையே பார்த்துக்கொண்டு வா. அடுத்த வளைவில்தான் அந்தச் சாம்பல் உதடு கண்ணுக்குள் வந்தது. ஆனாலும் நிற்கவில்லை. பிரிவு வந்தால்தானே நிற்க வேண்டும், சட்டம் அப்படி.

ஒன்பது முப்பத்தைந்து. திரும்பிப் போய்ப் பார்க்கலாம். இறக்கம்தான், ஏழெட்டு நிமிஷத்தில் போய்விடலாம். போனால் அவன் எங்கேயாவது பாறையில் சாய்ந்துகொண்டு மாதனிடம் யானைக் கதை கேட்டுக்கொண்டிருப்பான், இவளைப் பார்த்ததும், வந்துட்டியா என்பான். அவ்வளவுதான், இந்த ஒரு காலையும் கையை விட்டுப் போய்விடும். ஊருக்குப் போனதும் புதுக் கதை கட்டுவான், வாணி பயந்துட்டுத் திரும்பி ஓடி வந்துட்டா. வேண்டாம். எழுந்தாள், உட்கார்ந்தாள். ஒருவேளை, என்று மனசு ஆரம்பித்தது, ஆரம்பித்ததை முடிக்காமல் அவள் சைக்கிள் செயினில் ஒட்டியிருந்த பனியைக் குச்சியால் தட்டத் தொடங்கினாள். சரி, இந்தத் தடவை விட்டுவிடலாம். போதும். வரட்டும், வந்ததும் எழக்கூடாது. இதே பாறையில் நகர்ந்து இடம் கொடுத்து, உக்காருங்க, மூச்சு வாங்கிட்டுப் போலாம் என்று சொல்ல வேண்டும். ஃபிளாஸ்கில் இருக்கிற டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, டேஷ்போர்டில் அந்தக் காகிதத்தைப் பார்த்துட்டேன் என்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமை துணைக்கு நான் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். அப்புறம் மடத்துக்குளம். அதையும் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும், கோபமாக இல்லை, சும்மா, நடந்ததைச் சொல்கிற மாதிரி. அழுவானோ என்னவோ. அவன் அழுது அவள் பார்த்ததில்லை. உக்காருங்க, உக்காருங்க என்று வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எளிமையான வார்த்தைதான், வந்தவர்களுக்கெல்லாம் சொல்கிற வார்த்தை.

அப்போது கேட்டது. டிக்டிக்டிக்டிக். பின்சக்கரத்து ஃபிரீவீல் சத்தம். அவன் சைக்கிள்தான், சந்தேகமே இல்லை. தேடிப் பிடித்து, அதிகமாகச் சத்தம் வருகிற சக்கரமாகப் பார்த்து மாட்டினவன் அவன், முன்னால் போகிறவர்கள் கேட்டு ஒதுங்கி வழிவிட வேண்டுமாம். வளைவுக்குக் கீழே, ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு வருகிற வேகத்தில் சத்தம் மேலே வந்தது. அவள் உடம்பில் இருந்த பயமெல்லாம் ஒரே நொடியில் வடிந்தது. வடிந்த இடத்தில் என்ன ஊறியது தெரியுமா, நன்றி இல்லை, கோபம். நாற்பத்தைந்து நிமிஷம் இந்தக் குளிரில் உட்கார வைத்து, கண்டதையெல்லாம் நினைக்க வைத்து, கொலைகாரி மாதிரி உட்கார வைத்து, இப்போது சாவகாசமாக டிக்டிக் என்று வருகிறான். மடத்துக்குளத்தில் அரைமணி கழித்து வந்த மாதிரியே வருகிறான். பாறையிலிருந்து எழுந்தாள். ஃபிளாஸ்கைப் பைக்குள் போட்டாள், பையைத் தோளில் மாட்டினாள், சைக்கிளை மரத்திலிருந்து எடுத்து மேற்பாதைக்குத் திருப்பி, வருகிறவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு காலைத் தூக்கிப் போட்டாள். சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. மூச்சு வாங்கும் சத்தமும் கேட்டது. நன்றாக வாங்கட்டும்.

"வந்துட்டீங்களா, போலாம்" என்றாள்.

பெடலை மிதித்து நாலடி போய்விட்டாள். பின்னாலிருந்து, "அம்மா" என்றது குரல்.

திரும்பினாள். மாதன் நின்றிருந்தார். பூபதியின் சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஹேண்டிலில் அந்த மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு. தலைத்துணி அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது, முழங்கால் சிராய்த்து ரத்தம் ஓடியிருந்தது. ஓட்டத் தெரியாமல் ஓட்டி விழுந்திருக்கிறார்.

"சார் ரெண்டு தடவை கத்துனாரும்மா, உங்க பேரைச் சொல்லி. கேக்கலியா?" என்றார். "ரெண்டாவதா கத்துனதோட சாஞ்சிட்டாரு. நெஞ்செல்லாம் அமுக்கிப் பாத்துட்டேன். இல்லம்மா. போயிட்டாரு. ஓடியாறதவிட இது சீக்கிரம்னு எடுத்துட்டு வந்தேன், ஏத்தத்துல தள்ளத்தான் முடிஞ்சுது."

கேட்டது என்று சொல்ல வேண்டும். நன்றாகக் கேட்டது, இரண்டு தடவையும் கேட்டது, கடைசியில் ஒரு ணீ இருந்தது. கோகிலவாணி சைக்கிளிலிருந்து இறங்கினாள். அதை எங்கே சாய்ப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள், பிறகு பாதையிலேயே படுக்கப் போட்டாள். மாதன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். பூபதியின் சைக்கிளைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. இந்த அம்மா இப்போது அழும், விழும், பிடிக்க வேண்டியிருக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பையைத் திறந்து ஃபிளாஸ்கை எடுத்தாள். மிச்சம் வைத்திருந்த டீயை மூடியில் ஊற்றினாள், சிந்தாமல், விளிம்புவரை. அதிலிருந்து ஆவி வந்தது. வெயில் அப்போதுதான் அந்தப் பாறையைத் தொட்டு, அவள் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிப் பனி உருக ஆரம்பித்திருந்தது.

"உக்காருங்க மாதண்ணா" என்றாள். "மூச்சு வாங்கிட்டுப் போலாம்."